கேபிட்டல் ரீஃபில் காரோட்டிப் பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது கேபிட்டல் ரீஃப் தேசியப் பூங்கா. அங்கே சுற்றிப் பார்ப்பதற்கென்று போட்டிருக்கும் தார் ரோடு 7.9 மைல்தான், 12.7 கிலோமீட்டர். சீனிக் டிரைவ் என்று பெயர். போக அரை மணி, வர அரை மணி என்று ஓட்டிவிட்டு, சிவப்பு மலையைப் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. மலையின் முகத்தைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே நுழைய வேண்டுமானால், தார் ரோட்டிலிருந்து கிழக்கே பிரியும் இரண்டு மண் ரோடுகளில் திரும்ப வேண்டும். ஒன்று கிராண்ட் வாஷ், மற்றது கேபிட்டல் கோர்ஜ். இரண்டுமே ஓடை அறுத்த குறுகிய பள்ளத்தாக்குகள், மலை இடுக்குகள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி உங்கள் நாளை அமைத்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

மலை எப்படிக் கிடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால், பார்க்கிற ஒவ்வொன்றும் புரியும். படிக்கட்டின் ஒரு படியை மூடி ஐந்தாறு ஜமக்காளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். படியின் மேல்தளத்தில் சமமாகக் கிடக்கும் ஜமக்காளம், விளிம்பில் சரிந்து, கீழ்ப்படியில் மறுபடி சமமாகும். வாட்டர்பாக்கெட் ஃபோல்ட் எனப்படும் இந்த மடிப்பும் அப்படித்தான். நீளம் ஏறக்குறைய 100 மைல். மேற்குப் பக்கத்துப் பாறை அடுக்குகள் கிழக்குப் பக்கத்து அதே அடுக்குகளைவிட 7,000 அடிக்கும் மேலாக உயர்த்தப்பட்டிருக்கின்றன. 5 முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த வேலை அது. பிறகு மழையும் ஆறும் அறுத்து அறுத்து, சரிந்த அடுக்குகளின் வெட்டுமுகத்தை வெளியே கொண்டுவந்தன.

சீனிக் டிரைவ் இந்த மடிப்பின் மேற்கு முகத்தையொட்டித் தெற்கு நோக்கிப் போகிறது. அதனால் எட்டு மைலும் ஏறக்குறைய அதே அடுக்குகளைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். கிழக்கே திரும்பினால் அடுக்குகள் உங்களை நோக்கி இறங்கிவரும். வானத்தில் உச்சியாகத் தெரிந்த பாறை, ஒரு மைல் போனதும் கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும். கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறையும். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். விசிட்டர் சென்டர் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருப்பதால், பாலைவனம் என்றாலும் ஜூலைப் பகல் பெரும்பாலும் 33, 34 டிகிரி செல்சியஸ் அளவில்தான் நிற்கும். ஆனால் காற்றில் ஈரமே இருக்காது. வியர்ப்பது தெரியாமலே உடம்பு வற்றிவிடும். ஜனவரியில் பனி விழும், இரவில் உறைந்துபோகும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். ஆண்டு முழுவதும் சேர்த்தே 8 அங்குலம் மழைதான் பெய்கிறது. ஆனால் அதில் ஒரு பங்கு, ஒரே பிற்பகலில், ஒரே மேகத்திலிருந்து கொட்டிவிடலாம். மொட்டைப் பாறை ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது. அத்தனை நீரும் ஓடைக்கு வரும். நீங்கள் ஓட்டப்போகும் மண் ரோடு அந்த ஓடையின் படுகைதான்.

காலையா மாலையா என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீனிக் டிரைவின் செங்குத்துப் பாறைகள் மேற்கைப் பார்த்தவை. காலையில் நிழலில் கருத்துக் கிடக்கும், மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் நெருப்புப் பிடித்ததுபோல் சிவக்கும். இடிமழையோ பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டுகிறது. எனவே இரண்டு இடுக்குகளையும் காலையில் முடித்துவிடுங்கள். மாலை வெயிலுக்குத் தார் ரோட்டில் மறுபடி ஒருமுறை மெல்ல ஓட்டுங்கள். காலையில் போவதால் இன்னொரு லாபம்: இரண்டு இடுக்குகளின் முனையிலும் பார்க்கிங் மிகச் சிறியது. சீசனில் பத்து மணிக்குமேல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம்.

வண்டியும் சாமானும்

சாதாரணக் கார் போதும். ரோடு காய்ந்திருக்கும்போது இரண்டு மண் ரோடுகளிலும் செடான் கார்கள் தாராளமாகப் போகின்றன. 27 அடிக்கு மேற்பட்ட கேம்பர் வண்டிகளை இடுக்குகளுக்குள் கொண்டுபோக வேண்டாம். திருப்ப இடம் இருக்காது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை எடுத்து, மண் ரோடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பல ஒப்பந்தங்களில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்று இருக்கும். அப்படியிருந்தால் டயர் கிழிந்தாலும், இழுவை வண்டி வந்தாலும் முழுச் செலவும் உங்கள் தலையில்தான்.

பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. மேற்கே 11 மைலில் டோரி என்ற சிற்றூர். கிழக்கே போனால் 37 மைல் தாண்டி ஹாங்ஸ்வில். வருகிற வழியில் டோரியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா பக்கமிருந்து ஹைவே 12 வழியாக வருகிறவர்கள் போல்டர் மலையில் 9,600 அடி ஏறி இறங்குகிறார்கள். அங்கே வேலியில்லாமல் மாடுகள் மேயும், மான்கள் குறுக்கே பாயும். இருட்டியபின் அந்த ரோட்டைத் தவிர்ப்பது நல்லது.

கிளம்புமுன் ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே வராது; ஒட்டும் திரவ டப்பாவும் சிறிய காற்றடிக்கும் கருவியும் மட்டும் இருக்கும். பக்கச் சுவர் கிழிந்த டயருக்கு அந்தத் திரவம் உதவாது. ஸ்டெப்னி இருந்தால் அதிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சதுர அடிப் பலகை ஒன்றை டிக்கியில் போட்டுவையுங்கள். மணலில் ஜாக்கி வைத்தால் கார் மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டாம். கார் பழுதாகி நின்றால் காத்திருக்கவும் அதே தண்ணீர்தான். இதோடு அகல விளிம்புத் தொப்பி, உப்பு சேர்ந்த நொறுக்குத் தீனி, ஒரு டார்ச், ஒரு பைனாகுலர். பைனாகுலர் ஏன் என்பது பாறைச் சித்திரங்களின் முன்னால் நிற்கும்போது தெரியும்.

செல்போன் சிக்னலை நம்ப முடியாது. இடுக்குகளுக்குள் சுத்தமாக இருக்காது. டோரியில் இருக்கும்போதே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளுங்கள், காகித வரைபடமும் வையுங்கள். வழிகாட்டும் செயலி குறுக்குவழி என்று ஏதாவது மண் ரோட்டைக் காட்டினால் திரும்பாதீர்கள். வடக்கே கதீட்ரல் வேலியைச் சுற்றும் 58 மைல் பாதையும் மேப்பில் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். அதில் ஃப்ரீமான்ட் ஆற்றையே வண்டியோடு கடக்க வேண்டும். தரையிலிருந்து உயரமான வண்டியும் அனுபவமும் இல்லாதவர்களுக்கு அது வேண்டாத வேலை.

முதல் நிறுத்தம்: விசிட்டர் சென்டர்

ஹைவே 24 பூங்காவின் ஊடாகப் போகிற பொது ரோடு. அதில் போக வாயிலும் இல்லை, கட்டணமும் இல்லை. கட்டணம் சீனிக் டிரைவுக்குத்தான். காருக்கு 20 டாலர், ஏழு நாள் செல்லும். ஆண்டு பாஸ் இருந்தால் அதைக் காட்டலாம்.

உள்ளே போய் நான்கு காரியங்களை இந்த வரிசையில் முடியுங்கள். முதலில் அன்றைய காட்டாற்று வெள்ள நிலவரம். தேசிய வானிலைத் துறை இதற்கென்று தினமும் ஒரு கணிப்பு வெளியிடுகிறது. எதிர்பார்ப்பில்லை, வரலாம், வரவே வாய்ப்பு அதிகம், வருமென்று எதிர்பார்க்கிறோம் என்று நான்கு படிகள். இரண்டாவது படியிலிருந்தே யோசிக்க ஆரம்பியுங்கள். மூன்றாவது படி என்றால் அன்றைக்கு இரண்டு இடுக்குகளையும் மறந்துவிடுங்கள். ரோடு திறந்திருந்தாலும்கூட.

இரண்டாவது, ரோடு நிலவரம். வெள்ளம் வந்துபோனபின் மண் ரோடுகளைச் சுத்தம் செய்யும்வரை மூடிவைப்பார்கள். மராமத்து வேலைக்காகத் தார் ரோட்டையே மூடுவதும் உண்டு. தூரத்திலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். மூன்றாவது, வரைபடம். நான்காவது, பாட்டில்களை நிரப்பிக்கொண்டு டாய்லெட்டுக்கும் போய்வந்துவிடுவது.

வெளியே வந்ததும் வடமேற்கே நிமிர்ந்து பாருங்கள். அடுக்கடுக்காக நிற்பது கேசில் என்னும் பாறைக்கோட்டை. கீழிருந்து எண்ணிப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அடியில் செங்கல் நிறத்தில் மெல்லிய ஏடுகளாக இருப்பது மோயன்கோப்பி, வயது சுமார் 24 கோடி ஆண்டு. அதற்குமேல் சாம்பலும் ஊதாவும் பச்சையுமாகச் சரிந்து கிடப்பது சின்லி. அதன் தலையில் செங்குத்தாக விரிசல் விட்டு நிற்கும் ஆரஞ்சுச் சுவர் விங்கேட். இந்த மூன்றும் அடையாளம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஃப்ரூட்டாவைத் தாண்டி

சீனிக் டிரைவ் தொடங்கியதும் முதல் ஒரு மைல் ஃப்ரூட்டா என்ற பழைய குடியிருப்பின் பழத்தோட்டம். 1880களில் இங்கே குடியேறிய, மார்மன் என்னும் மதப்பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் ஃப்ரீமான்ட் ஆற்று நீரை வாய்க்காலில் திருப்பி வளர்த்த தோட்டங்களைப் பூங்கா நிர்வாகம் இன்றும் பராமரிக்கிறது. செர்ரி, ஆப்ரிகாட், பீச், பேரி, ஆப்பிள் என்று ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை ஒன்று மாற்றி ஒன்று பழுக்கும். பறிக்கலாம் என்ற பலகை இருக்கும் தோட்டத்தில் மட்டும் நுழையலாம். மரத்தடியில் நின்று சாப்பிடுவதற்குக் காசில்லை. வீட்டுக்கு எடுத்துப்போவதை எடை போட்டு, அங்கிருக்கும் பெட்டியில் பணத்தை நீங்களே போட வேண்டும். கிஃபர்ட் ஹவுஸ் என்ற பழைய பண்ணைவீட்டில் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை பழம் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்னும் சிறு பலகாரம் விற்கிறார்கள். மதியத்துக்குள் தீர்ந்துபோவது சகஜம், வேண்டுமென்றால் போகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மைலில் மான்கள் ரோட்டில் நிற்கும். வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

முகாம் இடத்தைத் தாண்டினால் மரங்கள் சட்டென்று முடிந்து ரோடு ஏறும். வேக எல்லை மணிக்கு 25 மைல். பாறைச்சுவர் இடது பக்கம், அதாவது ஓட்டுகிறவர் பக்கம். கண் அங்கேயே போகும், ரோடோ மேடும் பள்ளமுமாக வளைந்து போகும். பார்க்க வேண்டுமென்றால் ஒதுங்கிடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். நடுரோட்டில் பிரேக் போட்டுப் படம் எடுப்பதுதான் இங்கே பின்னால் வருகிறவரின் மோதலுக்கு வழி.

முதல் இரண்டு மைலில் எந்த ஒதுங்கிடத்திலாவது இறங்கி, ரோட்டோரம் விழுந்து கிடக்கும் சிவப்புப் பலகைக் கற்களைக் குனிந்து பாருங்கள். மேல்பரப்பில் விரலகல இடைவெளியில் வரிவரியாக மேடுகள் ஓடும். அலை வடிந்த கடற்கரை மணலில் காலுக்கடியில் தட்டுப்படுமே, அதே வரி. மோயன்கோப்பி ஒரு காலத்தில் அலையேறி இறங்கும் சேற்றுத் திட்டாக இருந்தது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் இருக்கும். உச்சி வெயிலில் அதே கல் வெறும் சிவப்புக் கல்லாகிவிடும். படம் எடுக்கலாம். ஒரு துண்டைக்கூட எடுத்துவர அனுமதியில்லை.

சுமார் மூன்றரை மைலில் இடப்பக்கம் கிராண்ட் வாஷ் பிரியும். இப்போது திரும்பாமல் நேரே போய்விடுங்கள். தூரத்திலிருக்கும் கேபிட்டல் கோர்ஜை முதலில் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது இதற்குள் போகலாம். இடையில் ஸ்லிக்ராக் டிவைட் என்னும் மேட்டில் நிறுத்தத்தான் வேண்டும். வடக்கே விழும் மழை கிராண்ட் வாஷுக்கும், தெற்கே விழுவது கேபிட்டல் கோர்ஜுக்கும் பிரியும் நீர்ப்பிரிமேடு அது.

கேபிட்டல் கோர்ஜ்

தார் முடிகிற இடத்திலிருந்து மண் ரோடு இரண்டேகால் மைலுக்குச் சற்று மேல். இறங்குவதற்கு முன் வண்டியை நிறுத்தி மூன்றைப் பாருங்கள்: மேற்கிலும் தலைக்கு மேலும் கருமேகம் இருக்கிறதா, இடி கேட்கிறதா, தரை ஈரமாக இருக்கிறதா. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் திரும்பிவிடுங்கள். தலைக்கு மேல் நீலவானம் இருப்பது போதாது. பல மைலுக்கு அப்பால் மேட்டில் பெய்த மழை, இங்கே ஒரு துளிகூட விழாமலே, சேறும் மரமுமாக வந்து சேரும்.

ஓட்டுவது மணிக்கு 15 மைலுக்குள். தகரக்கூரை போல வரிவரியாகக் கிடக்கும் இடங்களில் வேகமாகப் போனால் குலுக்கல் குறைவதுபோல் தோன்றும். டயர் வரியின் உச்சியை மட்டும் தொட்டுத் தொட்டுப் போவதால் வரும் மாயம் அது. டயருக்குத் தரைப்பிடிப்பு இருக்காது, வளைவில் பின்பக்கம் விலகும். எதிரே வண்டி வந்தால், அகலமாக இருக்கும் இடத்தில் நிற்பவர் நின்று வழிவிட வேண்டும். ஓரத்து இளமணலில் சக்கரத்தை இறக்காதீர்கள்.

நுழைவில் இருபுறமும் விங்கேட் சுவர். தேன்கூடு போலக் குழிகுழியாக அரித்திருப்பதைக் காண்பீர்கள். உள்ளே போகப் போக விங்கேட் தாழ்ந்து மண்ணுக்குள் போய், படிப்படியான கயென்டாவும் அதன்மேல் வெளிறிய நவாஹோவும் இறங்கிவரும். நவாஹோ என்பது காற்று குவித்த மணல்மேடுகள் கல்லானது. சாய்ந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப்போவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்றமான கேபிட்டல் கட்டடத்தின் குவிமாடத்தை நினைவூட்டும் வெள்ளை மொட்டைமலைகள் இந்தப் பாறைதான். பூங்காவின் பெயரில் பாதி அங்கிருந்து வந்தது. மறுபாதியான ரீஃப், கப்பலைத் தடுக்கும் கடல்பாறை போலப் பயணிகளைத் தடுத்து நின்ற மலை என்பதால் வந்தது.

நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இந்த ஓடைப்படுகைதான் 1962 வரை மலையைக் கடக்கும் முக்கிய ரோடு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பாறைகளை உருட்டித் தள்ளி வழி செய்துகொண்டு போனார்கள். அந்த ஆண்டு ஹைவே 24 திறந்த பிறகுதான் இது ஓய்வு பெற்றது.

ரோடு முடியும் இடத்தில் காரை விட்டுவிட்டு அதே படுகையில் நடக்கலாம். ஏற்றமே இல்லை, குழந்தைகளும் நடப்பார்கள். கொஞ்ச தூரத்தில் இடப்பக்கச் சுவரில் உயரத்தில் முன்னோடிகளின் பெயர்ப் பதிவு. 1871 முதல் இந்த வழியாகப் போனவர்கள் வெட்டிவைத்த பெயர்களும் தேதிகளும். பக்கத்தில் புதிதாகக் கிறுக்கிய பெயர்களையும் பார்ப்பீர்கள். அது சட்டப்படி குற்றம், சரி செய்யவும் முடியாது.

ஒரு மைல் அளவில் இடப்பக்கம் ஏறும் சிறு பாதை டாங்க்ஸ் என்னும் பாறைக்குழிகளுக்குப் போகிறது. நம் மொழியில் சொன்னால் சுனை. வாட்டர்பாக்கெட் என்ற பெயரே இந்தச் சுனைகளால் வந்ததுதான். அடியில் குனிந்து பார்த்தால் நகக்கண் அளவுக்கு இறால்போல நெளியும் உயிர்கள் இருக்கலாம். கையை விடாதீர்கள். சன்ஸ்கிரீனும் உடம்பு எண்ணெயும் கலந்தால் அந்தச் சிறு நீரில் எதுவும் பிழைக்காது. காய்ந்த குழியையும் மிதிக்க வேண்டாம், அடுத்த மழைக்குக் காத்திருக்கும் முட்டைகள் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. போய்வர, நின்று பார்க்க, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

திரும்பும் வழியில் கிராண்ட் வாஷ்

இப்போது திருப்பம் வலப்பக்கம் வரும். மண் ரோடு ஒன்றேகால் மைல்தான். நுழைந்ததும் இடப்பக்கச் சரிவில் கம்பி போட்டு அடைத்த சுரங்க வாய்கள் தெரியும். அது ஆய்லர் சுரங்கம், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யுரேனியம் தோண்டிய இடம். கதிர்வீச்சு இருக்கிறது, கிட்டே போய் நின்று பேசிக்கொண்டிருக்கும் இடமல்ல.

இந்த நுழைவாயில்தான் முழுச் சுற்றிலும் அதிகம் ஆபத்தான துண்டு. சின்லியின் சாம்பல் நிற மண்ணில் பென்டோனைட் களிமண் கலந்திருக்கிறது. நனைந்ததும் அது உப்பிக்கொண்டு சோப்புப் போட்ட தரைபோல் வழுக்கும். டயரின் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியும் அதில் பக்கவாட்டில் நழுவும். மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடைப்படுகைக்கு வெளியே மேட்டில் ஏறி, காயும்வரை காத்திருப்பதுதான் வழி.

2022 ஜூனில் கிராண்ட் வாஷில் வந்த வெள்ளம் நிறுத்தியிருந்த கார்களைப் புரட்டிக்கொண்டு போனது, நடந்துகொண்டிருந்தவர்களை மீட்க வேண்டியிருந்தது. பார்க்கிங்கில்தானே நிற்கிறது என்ற தைரியம் இங்கே செல்லாது. இடம் நிரம்பியிருந்தால் ரோட்டோரத்தில், படுகையில் செருகி நிறுத்தாதீர்கள். வெளியே போய் ஒரு மணி கழித்து வாருங்கள்.

ரோடு முனையிலிருந்து நடைபாதை 2.2 மைல் தூரத்தில் ஹைவே 24இல் போய்ச் சேரும். முழுவதும் போக வேண்டியதில்லை. ஒரு மைலுக்குமேல் நடந்தால் நேரோஸ் வரும்; இருநூறு முன்னூறு அடிக்கும் மேலாக எழும் சுவர்கள் நெருங்கி, கீழே இருபதடிபோல வழி விட்டு நிற்கும். அங்கே குரல் தணிந்துவிடும், காற்றும் குளிர்ந்துவிடும். அதுவரை போய்த் திரும்பினால் போதும். நல்ல நடைபழக்கம் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே பிரியும் கேசிடி ஆர்ச் பாதை இருக்கிறது, ஒருவழி 1.7 மைல், ஏற்றம் 670 அடி, நிழலே கிடையாது. வெயிலில் பதினொரு மணிக்குமேல் அதைத் தொடங்காதீர்கள்.

பாதையை விட்டு விலகும்போது தரையைப் பார்த்து மிதியுங்கள். கருகிய சர்க்கரைபோல் பொருக்குத் தட்டிய மண் தெரிந்தால் அது உயிருள்ள மண். நுண்ணுயிரிகள் மணலைப் பிணைத்து வைத்திருக்கின்றன. ஒரு காலடித் தடம் மறையப் பல ஆண்டுகள் ஆகும்.

வெள்ளத்தில் சிக்கினால்

தண்ணீர் வருவதற்கு முன் சில அறிகுறிகள் கிடைக்கலாம்: சரக்கு ரயில் வருவதுபோல் தொடர்ந்த இரைச்சல், ஈரமண் வாசனை, தெளிந்த சிற்றோடை திடீரென்று கலங்குவது. எதையும் எடுக்கப் போகாமல் அருகிலுள்ள மேட்டில் ஏறுங்கள். காரைக் காப்பாற்ற ஓடுவதுதான் இங்கே உயிரைக் கொண்டுபோகும் தவறு. இடுக்கின் வாய்வரை ஓடித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், வெள்ளம் உங்களைவிட வேகம்.

ரோட்டின் குறுக்கே நீர் ஓடினால் நிறுத்துங்கள். ஓரடி ஆழத்தில் ஓடும் நீர் சிறிய காரை மிதக்கவைத்துவிடும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். கலங்கிய நீருக்கடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது. நல்ல விஷயம், காட்டாறு வந்த வேகத்திலேயே வடியும். சில மணி நேரம் மேட்டில் உட்கார்ந்திருக்கத் தண்ணீரும் பொறுமையும் போதும்.

இளமணலில் சக்கரம் புதைந்தால் சுழற்றாதீர்கள்; ஒவ்வொரு சுற்றும் இன்னும் ஆழமாகத் தோண்டும். இறங்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, இழுவை உள்ள சக்கரத்துக்கு முன்னால் கால்மிதி விரிப்புகளைச் செருகி, ஸ்டியரிங்கை நேராக வைத்து மெல்ல எடுங்கள். அதற்கும் வராவிட்டால் நான்கு டயரிலும் காற்றைக் கால்பங்கு குறைத்துப் பாருங்கள். தார் ஏறியதும் மறுபடி காற்றடிக்கும்வரை வேகமாக ஓட்டக்கூடாது.

மதியமும் மாலையும்

சாப்பாடு ஃப்ரூட்டா பிக்னிக் இடத்தில், காட்டன்வுட் என்னும் பாப்ளர் வகை மரங்களின் நிழலில். பிறகு ஹைவே 24. விசிட்டர் சென்டரிலிருந்து கிழக்கே 1.1 மைலில் பாறைச் சித்திரங்கள். ஏறக்குறைய கி.பி. 300 முதல் 1300 வரை இங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் பண்பாட்டு மக்கள், பாறையின் மேல் படிந்த கருப்புப் பூச்சைக் கொத்தி உள்நிறத்தை வெளியே கொண்டுவந்து, கொம்புள்ள ஆடுகளையும் அகன்ற தோளுள்ள மனித உருவங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். மரப்பலகை நடைபாதையிலிருந்து சுவர் தள்ளி இருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் முக்கியமான நான்கைந்துதான் தெரியும். பைனாகுலரில் பார்க்கும்போது பக்கத்தில் பக்கத்தில் என்று வந்துகொண்டே இருக்கும். வழியில் 1896இல் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

விசிட்டர் சென்டரிலிருந்து இரண்டு மைலில் ஹிக்மன் பிரிட்ஜ் பாதை. ஒருவழி 0.9 மைல், 400 அடி ஏற்றம், முடிவில் 133 அடி நீளத்துக்கு வளைந்து நிற்கும் இயற்கைப் பாலம். இன்னும் கிழக்கே ஃப்ரீமான்ட் ஆற்றில் ஒரு அருவி உண்டு. ஹைவேக்காக ஆற்றைத் திருப்பியபோது உருவானது அது. அதில் இறங்காதீர்கள், நீரோட்டமும் வழுக்குப் பாறையும் ஆளை உள்ளே இழுக்கும்.

நான்கு மணிக்கு மேற்கே திரும்புங்கள். விசிட்டர் சென்டரிலிருந்து 2.5 மைலில் பனோரமா பாயின்ட். அங்கிருந்து ஒரு மைல் போல மண் ரோட்டில் போனால் கூஸ்நெக்ஸ். சல்ஃபர் ஓடை பாம்புபோல் வளைந்து வளைந்து அறுத்த ஆழம் காலுக்கடியில் திறக்கும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்பு செங்குத்து. அதே பார்க்கிங்கிலிருந்து சன்செட் பாயின்ட் 0.4 மைல் நடை.

பெயரைப் பார்த்து எல்லோரும் அங்கே சூரியன் மறையும் மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் கிழக்கே திரும்பி நில்லுங்கள். காலையில் ஓட்டிப்போன முழுச் சுவரும் அங்கேதான் சிவந்துகொண்டிருக்கும். நிழல் அடியிலிருந்து ஏறி, மோயன்கோப்பியை மூடி, சின்லியை மூடி, விங்கேட்டின் உச்சி வரை வந்து சேர இருபது நிமிடம்போல ஆகும். இருட்டில் பாதை தெரியாது. டார்ச்சைக் காரில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.